உயிரோடிருப்பவளுக்கு ஒரு ஜீவசரித்திரம்

ஷைனி சிஸ்டர் ஆளுக்கு ஒரு வெள்ளைத் தாள் தந்தார். கோடு போடாத தாள். கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் எங்கள் வகுப்பு. கீழே யாரோ வாடகைப் பாத்திரங்களைக் கழுவி அடுக்கும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமைக்குள் எல்லோரும் பயோடேட்டா எழுதிக் கொண்டுவர வேண்டும் என்றார்.

பதினோரு பேர் இருந்தோம். பத்துப் பேர் உடனே போனை எடுத்தார்கள். நான் தாளின் இடது ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து, நகத்தால் தேய்த்து, ஒரு கோடு உண்டாக்கினேன். நாலாம் வகுப்பில் கற்றது. அதற்குப் பிறகு நான் எந்த வகுப்பிலும் உட்கார்ந்ததில்லை, இந்த மூன்று மாதப் பயிற்சியைத் தவிர. அறுபதைத் தாண்டிய பிறகு மறுபடி மாணவி ஆனேன்.

படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைக் கவனிப்பதற்கான பயிற்சி அது. புரட்டிப் படுக்க வைப்பது, புண் வராமல் பார்ப்பது, குழாய் வழியாகக் கஞ்சி கொடுப்பது. முடிந்ததும் தனுவச்சபுரத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கிய ஒரு பாலியேட்டிவ் வீட்டில் இரண்டு பேருக்கு வேலை உண்டு என்று சொல்லியிருந்தார்கள். இனிக் குணமாகாது என்று ஆனவர்களை வலியில்லாமல் வைத்துப் பார்க்கிற இடம். பயோடேட்டாவைப் பார்த்துத்தான் நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள்.

அந்த இரண்டு இடத்தில் ஒன்று எனக்கு வேண்டும் என்று இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற ஆள் இல்லை நான்.

எனக்கு வேலை இல்லை என்று தெரிந்தவர்கள்

கணவர் இறந்த பிறகு காரோட்டில் தம்பி தாசன் வீட்டில் இருக்கிறேன். தம்பி மனைவி சுகந்தி நல்லவள். எனக்கென்று தனி அறை உண்டு. அறைக்கு வெளியே ரப்பர் ஷீட் காயப்போட்டிருக்கும். அந்தப் புளித்த வாடையில்தான் எனக்கு உறக்கமே வரும்.

ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவரை எங்கள் பக்கத்தில் பைஸ்டாண்டர் என்பார்கள். வார்டில் பைஸ்டாண்டர் இல்லாமல் விடமாட்டார்கள். ஊரில் யார் காரக்கோணத்திலோ நெய்யாற்றின்கரையிலோ ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அந்த வீட்டில் மகனுக்கு வேலை இருக்கும், மருமகளுக்குப் பிள்ளைகள் இருக்கும். அப்போது ஒருவர் சொல்லுவார், “ஞானபாய் அக்கா சும்மாதானே இருக்காவ, அவியள விளி.”

உடனே நான் ஒரு சேலையும் ஒரு தம்ளரும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். இப்படி இருபது வருடத்துக்கு மேல். வருவீர்களா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆட்டோவோடுதான் வருவார்கள்.

எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் ஒரு தடவையாவது இவளுக்கு நேரம் இருக்குமா என்று யாராவது யோசிக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் உள்ளே கிடந்தது.

எனக்கு எழுதத் தெரிந்த ஒரே சங்கதி

பயோடேட்டா என்றால் ஒருவருடைய பிறப்பும் படிப்பும் செய்த வேலையும் எழுதுவது என்று சிஸ்டர் விளக்கினார். கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. ஏனென்றால் அப்படி நாற்பது பேருக்காவது எழுதியிருக்கிறேன். எல்லோரும் இறந்தவர்கள்.

எங்கள் சபையில் ஒருவர் இறந்தால், அடக்க ஆராதனையில் அவருடைய ஜீவசரித்திரத்தை வாசிப்பது வழக்கம். ஒரு பக்கம் வரும். இன்னாருக்கும் இன்னாருக்கும் எத்தனையாவது பிள்ளையாகப் பிறந்தார், யாரைக் கைப்பிடித்தார், பிள்ளைகள் எத்தனை, குணம் எப்படி, கடைசியில் என்ன நோய் என்று வரிசையாகப் போகும். வாசிப்பவர் போதகருக்குத் துணையாக இருக்கும் உபதேசியார். அவருக்குக் கை நடுக்கம் வந்த நாள் முதல் எழுதுகிறவள் நான். என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், கண்ணாடி இல்லாமலே வாசிக்கலாம். நான் எழுதுவது அவருக்கும், நான் போய்க் கேட்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரியும். எனக்கும் அதுவே சௌகரியம்.

அதில் ஒரு கைப்பழக்கம் வேண்டும். குடித்தே தீர்ந்துபோன ஒருவரை, “நண்பர்கள் அழைத்தால் மறுக்கத் தெரியாதவர்” என்று எழுதினேன். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

கஷ்டமானது எஸ்தர் பெரியம்மைக்கு எழுதியதுதான். மருமகளிடம் போய்க் கேட்டேன். “என்னத்த எழுத? ஒண்ணும் இல்ல. வீட்டில இருந்தாவ, தின்னாவ, ஜெபிச்சாவ,” என்றாள். பகைமையில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

நான் பக்கத்து வீடுகளுக்குப் போனேன். நாலு வீடு ஏறி இறங்கியபோது விஷயம் வந்தது. அந்தத் தெருவில் பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் நாற்பது நாள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டவள் பெரியம்மைதான். கால் இரண்டையும் நீட்டி, பிள்ளையை அதன்மேல் போட்டு, மூக்கை நீவி, தலையை உருட்டி. மருமகளிடம் சொன்னேன். “அது எல்லா கிழவியளும் செய்யதுதானே?” என்றாள். எழுதினேன். உபதேசியார் வாசித்தபோது பின்பெஞ்சில் இருந்த மீசைக்காரர்கள் நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களும் அந்தக் கால்மேல் கிடந்தவர்கள்தான்.

அன்றிலிருந்து அதையே வழக்கமாக வைத்துக்கொண்டேன். செய்த காரியத்தைச் சொந்த வீட்டில் கேட்கக் கூடாது. அடுத்த வீட்டில் கேட்க வேண்டும். செய்தவருக்கே அது தெரிந்திருக்காது.

மூன்று வீடுகள்

ஆகவே ஞாயிறு மதியம் வெள்ளைத் தாளை முன்னால் வைத்தபோது, பிறப்பு, பெற்றோர், ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் கடகடவென்று வந்துவிட்டன. “குணம்” என்ற இடத்தில் பேனா நின்றது. யோசித்தும் ஒன்றும் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

என்னைப் பற்றி நானே போய்க் கேட்பதற்கு எப்படி வாய் வந்தது என்று இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. பழக்க தோஷம்தான். செத்தவளுக்குக் கேட்கிற மாதிரியே கேட்டேன்.

முதலில் போஸ்ட்மேன் சுகுமாரன் அண்ணன் வீடு. அவர் மனைவிக்கு நான் ஒரு மாதம் துணை இருந்தேன். அண்ணன் என் குடையை வாங்கி மூலையில் சாய்த்து வைத்தார். பிறகு சொன்னார்:

“நீ கட்டில்ல இருக்கமாட்ட. ஸ்டூல இழுத்துப் போட்டு, அவ கண்ணுக்கு நேரா இருப்ப. மத்தவங்க எல்லாம் நின்னுட்டுப் பேசிட்டுப் போவாவ. அவ எங்கிட்ட பறஞ்சா, அண்ணாந்து பாக்காம பேச ஒரு ஆளு உண்டுன்னு.”

எனக்கு அது ஞாபகமே இல்லை.

இரண்டாவது வீட்டில், டாக்டர் சொன்னது விளங்காவிட்டால் நான் இரண்டாம் தடவையும் கேட்பேன் என்றார்கள். கூச்சக்காரி, டாக்டரிடம் மட்டும் கூச்சப்படமாட்டாள் என்று சிரித்தார்கள். மூன்றாவது வீட்டில் நல்லதாக வரவில்லை. அந்த வீட்டுப் பெண் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: “மாமிக்குக் கத பேச ஆளு வேணும். நீங்க விளக்குக் கம்பம் மாதிரி இருந்திய அக்கா.” உண்மை. அதையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு வீட்டுக்கு வந்து, துணை இருந்த ஆட்களை ஒவ்வொருவராக நினைத்து வரிசையாக எழுதினேன். பதினான்கு பேர். பெயர், நோய், எத்தனை நாள், எப்படி முடிந்தது. ஜீவசரித்திரத்தில் எதையும் எப்படி முடிந்தது என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

போதகர் வந்தார்

அன்று சாயங்காலம் வீட்டின் பின்னால் நான் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசலில் பைக் சத்தம். எங்கள் சபைக்குப் புதிதாக வந்த இளம் போதகர். தோளில் அந்தச் சிறிய கறுப்புப் பை. வியாதிக்காரர்களுக்கு வீட்டில் போய் நற்கருணை கொடுக்க எடுத்துச்செல்லும் பை.

சுகந்தி பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தாள். “மைனி, ஒங்களுக்கு என்ன சூக்கேடு, என்ன நோவு? எங்கிட்ட ஏன் பறயல்ல?”

விஷயம் இதுதான். ஞானபாய் தன் ஜீவசரித்திரத்துக்கு வீடு வீடாக ஆள் கேட்டு நடக்கிறாள், டாக்டர் நாள் குறித்துவிட்டார் போல என்று மூன்றாவது வீட்டிலிருந்து செய்தி கிளம்பியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் சபை முழுக்கப் போய்விட்டது.

போதகர் என் செதில் ஒட்டிய கையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வேலைக்கு மனு எழுதுகிறேன் என்று சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் ஆனது. அவர் சிரிப்பை அடக்கியது பையின் வார் குலுங்கியதில் தெரிந்தது. வந்தது வந்துவிட்டேன், வேலைக்காகவே ஜெபிக்கிறேன் என்று கண்ணை மூடினார். அடுப்பில் குழம்பு கொதித்துத் தீரும் மட்டும் ஜெபித்தார்.

சுகந்தி அன்று என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் என் சேலைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள்.

ஏழு பேருக்கு நீச்சல்

திங்கட்கிழமை வகுப்பில் ஷைனி சிஸ்டர் ஒவ்வொரு தாளாக வாசித்தார். என் தாள் வந்தது. வாசிக்க வாசிக்க முகம் சிவந்தது. கடைசியில் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

“சேச்சி, அடக்கம் எப்பளாக்கும்?”

வகுப்பே சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தி பூ வளையத்துக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். என் காது இரண்டும் எரிந்தன. தாளை வாங்கிக் கிழித்துவிடலாம் என்று எழுந்தேன். அப்படியே படி இறங்கியிருப்பேன்.

அதற்குள் சிஸ்டர் மற்ற தாள்களைப் பரப்பினார். சிரிப்பு நின்றது. பத்தும் ஒரே அச்சில் இருந்தன. கடின உழைப்பாளி, எல்லோரோடும் ஒத்துப்போகிறவர், எதையும் விரைவில் கற்பவர். போனில் கிடைத்த ஒரே மாதிரியைப் பார்த்து எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஏழு பேருக்குப் பொழுதுபோக்கு நீச்சல். ஒருத்தி அந்த மாதிரியில் இருந்த அப்பா பெயரைக்கூட மாற்றவில்லை.

“எடீ, ஒனக்க அச்சன் பேரு ராகுல் சர்மாவா?” என்றார் சிஸ்டர்.

பக்கத்தில் இருந்த ஸ்ரீஜா என் காதில் சொன்னாள், அவள் குளத்தில்கூட இறங்கியதில்லையாம். பிளஸ் டூ முடித்த பெண். இருபது வயது இருக்கும். வேறு என்ன எழுதுவது, நான் எங்கும் வேலை பார்த்ததில்லையே அக்கா என்றாள். பேச்சோடு பேச்சாக, தினமும் காலையில் அப்பாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டு வருவதால்தான் பஸ்ஸைத் தவற விடுகிறேன் என்றாள். எத்தனை வருடமாக என்று கேட்டேன். ஒன்பதாம் வகுப்பிலிருந்து.

“அத எழுதல்லியா பிள்ளே?”

“அது வீட்டுக் காரியமல்லியா,” என்றாள். எஸ்தர் பெரியம்மையின் மருமகள் சொன்ன அதே குரல். நீச்சலை அடித்துவிட்டு அதை எழுதினாள்.

சிஸ்டர் என் தாளைக் கிழிக்க விடவில்லை. ஞானஸ்நானத்தையும் கல்யாணத்தையும் எடுத்துவிடச் சொன்னார். கடைசியில் “உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்” என்று கை போன போக்கில் தொடங்கியிருந்த ஆறுதல் வரியையும் அடித்தார். பதினான்கு பேரின் பட்டியல் அப்படியே இருக்கட்டும் என்றார்.

பட்டியலில் இருந்த தப்பு

நேர்காணலுக்கு ஆறு பேரைக் கூப்பிட்டார்கள். நானும் ஒருத்தி.

சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்த மணம். மேசைக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மாவும் ஆபீஸ் பார்க்கும் ஒருவரும். ஆபீஸ்காரர் மலையாளத்தில் கேட்டார், நான் தமிழில் சொன்னேன். எங்கள் பக்கத்தில் யாருக்கும் அது வித்தியாசமாகத் தெரியாது.

படிப்பு நாலாம் வகுப்பு. சர்டிபிகேட் கைவசம் இல்லை. அவர் இரண்டையும் குறித்துக்கொண்டார். பிறகு என் பட்டியலில் பேனாவை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். அவர் உதடு எண்ணுவது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

“இதில் பன்னெண்டு பேரு மரிச்சுபோயல்லோ,” என்றார் அவர், டாக்டரம்மாவிடம்.

பன்னிரண்டு. பாக்கி இரண்டில் ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு டிஸ்சார்ஜ் ஆனவர், மற்றவர் குணமாகி வீடு போனவர். வேலை அனுபவம் என்று நானே என் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தது பன்னிரண்டு சாவு. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் நான் சேலை நுனியைப் பார்ப்பேன். அன்று அந்தத் தாளைப் பார்த்தேன். மேலே என் தங்கச்சி மாதிரி இருந்த ராஜம், அதற்குக் கீழே போஸ்ட்மேன் மனைவி, அதற்குக் கீழே ஒரு கல்லூரிப் பெண். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு தம்ளர். அவர்களைப் பற்றி யாரோ தப்பாகப் பேசுகிற மாதிரி இருந்தது. குரல் தானாக வந்தது.

“மரிச்சுப்போவாவன்னு தெரிஞ்சுதான் என்ன விளிப்பாவ சார். பன்னெண்டு பேருல ஒருத்தரும் தனியாப் போவல்ல. நான் பக்கத்தில இருந்தேன்.”

ஆபீஸ்காரர் பேனாவை எடுத்துவிட்டார்.

டாக்டரம்மா மெதுவாகத் தமிழில் கேட்டார், நேரம் நெருங்கியது உங்களுக்கு எப்படித் தெரியும், தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று. இதற்கு எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. கால் பெருவிரலிலிருந்து குளிர்ந்து வரும் என்றேன். மூச்சுக்கு நடுவே இடைவெளி விழும். தண்ணீர் கொடுக்கக் கூடாது, பஞ்சை நனைத்து உதட்டில் வைக்க வேண்டும். டாக்டரை விளிப்பதற்கு முன்னால் பிள்ளைகளை விளிக்க வேண்டும். டாக்டர் வந்தால் அவர்களை வெளியே நிறுத்திவிடுவார்கள்.

கடைசி வரி சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று நினைவு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “இங்க நிறுத்தமாட்டோம்,” என்றார். “புதன்கிழமை வரமுடியுமா?”

தம்பியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பதுதான் என் வாயில் எப்போதும் இருக்கும் பதில். அன்று “வாறேன்” என்று மட்டும் சொன்னேன்.

இன்னொரு இடம் பாலராமபுரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குப் போனது. ஸ்ரீஜாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதே தாளோடு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபுக்குப் போனாள். இன்சுலின் வரியைப் பார்த்துவிட்டு, ஊசி போடப் பயமில்லையா என்று கேட்டு எடுத்துக்கொண்டார்களாம். மாதம் ஒருமுறை பஸ்ஸில் பார்ப்போம். இரண்டு பேரும் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடுவோம்.

புதன்கிழமைக்குப் பிறகு

வேலைக்குச் சேர்ந்து பத்து நாள் இருக்கும். காலை ஏழு மணி. தலை வாரிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது பக்கத்துத் தெரு வில்சன். நாற்பது வயது, சொந்தமாக டைல்ஸ் கடை. அம்மாவை அதிகாலையில் காரக்கோணத்தில் சேர்த்திருக்கிறான். வலது பக்கம் தளர்ந்துவிட்டதாம், பேச்சு இல்லையாம். ஆட்டோவை அணைக்கச் சொல்லவில்லை. நான் ஏறுவதற்காகப் பின்சீட்டில் இருந்த பையை நகர்த்தி வைத்தான்.

சுகந்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

வில்சனுடைய அம்மா எனக்கு வேண்டியவள். போகக் கூடாது என்று இல்லை. ஆனால் தனுவச்சபுரத்தில் ஆறாம் நம்பர் கட்டிலில் ஒருவர் இருந்தார். இன்றோ நாளையோ என்று இருந்தது. அவருக்கு யாரும் இல்லை.

எனக்கு எட்டு மணிக்கு டூட்டி, சாயங்காலம் நேராக அங்கே வருகிறேன் என்றேன். வில்சனுக்குப் புரியவில்லை. டூட்டி என்று நான் சொல்லி அவன் கேட்டதில்லை.

“அப்போ பகல்ல அம்மெக்குக் கூட ஆரு இருக்கது அக்கா?”

நான் பின்னலை முடிந்து, குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். ஸ்டூலை எங்கே போட வேண்டும், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் அம்மாவுக்கு முகம் தெரியும், வாய் உலர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவன் விரல்விட்டு எண்ணிக் கேட்டுக்கொண்டான். கடையை யார் திறப்பது என்று ஒருமுறை வாயெடுத்தான்.

“இன்னைக்குக் கடையப் பூட்டிப்போடு. நீ இரி மக்கா,” என்றேன். “ஒனக்க அம்மெயாக்கும்.”

அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ஆட்டோ காரக்கோணம் பக்கம் திரும்பியது. நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.